சதுரத்துக்கு ஒரு தடம் குறைவு

உலகத்தில் அச்சாகியிருக்கிற அறிவியல் தாள்களில் உர்மிளாவைப் பற்றி ஒரே ஒரு வரி இருக்கிறது. அந்த வரியிலும் அவர் பெயர் இல்லை. அணுவைப் பற்றிய ஒரு வெளிநாட்டு இதழில், 1988ஆம் ஆண்டு, ஒரு பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில் இருக்கிறது அது: "சுவாவிலிருந்த உள்ளூர் எண்ணுநர்களின் கவனக்குறைவால் நேர்ந்த பிழை." ஐம்பத்து நான்காயிரம் தடங்களைக் கண்ணால் பார்த்து எண்ணிய ஒரு பெண்ணுக்கு அறிவியல் உலகம் கொடுத்த மொத்த மரியாதை இவ்வளவுதான்.

கவனக்குறைவு யாருடையது என்று சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சுவாவைத் தலைநகராகக் கொண்ட தீவு நாட்டில், பா என்ற ஊரில், உர்மிளா 1951இல் பிறந்தார். அவருடைய தாத்தாவைச் சென்னையில் கப்பல் ஏற்றி, ஐந்து வருட ஒப்பந்தத்தில் கரும்பு வெட்டக் கொண்டுவந்தார்கள். கப்பல் பதிவேட்டில் தாத்தாவின் பெயர் தப்பும் தவறுமாக இருக்கிறது. ஆனால் அவருக்குக் கொடுத்த எண் மட்டும் சரியாக இருக்கிறது. அப்பா குத்தகை நிலத்தில் கரும்பு போட்டார். பள்ளிக்கூடத்தில் கணக்கிலும் இயற்பியலிலும் உர்மிளாதான் முதல். வீட்டில் ஒருவரைத்தான் மேலே படிக்க வைக்க முடியும் என்ற நிலை வந்தபோது, கணக்கில் இரண்டு முறை தேறாத அண்ணனை ஆக்லாந்துக்கு அனுப்பினார்கள். உர்மிளா ஆய்வகப் பணியாளர் பயிற்சிக்குப் போனார். யாரும் அதை அநியாயமாக நினைக்கவில்லை. அண்ணன் ஒரு வருடத்தில் திரும்பி வந்து லாரி வாங்கினார்.

1974இல் சுவாவில் ஓர் உயர்கல்வி நிறுவனத்தின் இயற்பியல் ஆய்வகத்தில் உர்மிளாவுக்கு வேலை கிடைத்தது. நிலஅளவை அலுவலகத்தில் கிளார்க்காக இருந்த யோகேந்திராவைக் கல்யாணம் செய்துகொண்டார். கணவனும் மனைவியும் வீட்டில் இந்திதான் பேசுவார்கள். சண்டை என்றால் தமிழ்.

1984இல் டாக்டர் வெதர்லி என்ற ஆங்கிலேயர் அந்த ஆய்வகத்துக்கு வந்தார். அவர் கொண்டுவந்த ஆராய்ச்சி நல்ல ஆராய்ச்சி. அதை நான் மறுக்கவில்லை. தோரியம் ஒரு கனமான தனிமம். அதன் அணுக்கருவில் வேகமாக வருகிற நியூட்ரான் ஒன்று மோதினால், சில நேரம் அணுக்கரு இரண்டாகப் பிளந்துவிடும். இரண்டு துண்டுகளும் எதிரெதிர்த் திசையில் பறக்கும். நியூட்ரான் வந்த வழியில் நேராகப் பறப்பவை அதிகமா, பக்கவாட்டில் பறப்பவை அதிகமா? இதை அளந்தால், பிளக்கிற கணத்தில் அந்த அணுக்கரு எப்படி நீண்டு எந்த வாக்கில் கிடந்தது என்று ஊகிக்கலாம். யாரும் கண்ணால் பார்க்க முடியாத ஒன்றின் வடிவத்தை, அது உடைந்த துண்டுகள் பறந்த திசையை வைத்துச் சொல்வது. மனிதப் புத்தியின் பெருமை என்றால் இதைத்தான் சொல்லவேண்டும். கோயில் கோபுரத்தின் உயரத்தை அல்ல.

தோரியத்தின் மேல் நியூட்ரான்களை ஏவும் வேலை ஆஸ்திரேலியாவில் நடந்தது. தோரியம் பூசிய தகட்டைச் சுற்றி, நேர்த் திசையிலும் பக்கவாட்டிலும், மெல்லிய பிளாஸ்டிக் தாள்களை வைப்பார்கள். பறந்து வரும் துண்டுகள் தாளுக்குள் பாய்ந்து கண்ணுக்குத் தெரியாத காயங்களை உண்டாக்கும். அந்தத் தாள்கள் தபாலில் சுவாவுக்கு வரும். உர்மிளா அவற்றைச் சூடான காஸ்டிக் சோடாவில் குறிப்பிட்ட நேரம் ஊறவைத்துக் கழுவுவார். காஸ்டிக் சோடா காயத்தை அரித்துப் பெரிதாக்கும். பிறகு நுண்ணோக்கியில் வைத்தால் கறுப்புக் கீற்றுகளாகத் தடங்கள் தெரியும். ஒரு தடம் என்றால் ஒரு துண்டு. ஒவ்வொரு தாளிலும் நூறு சதுரம். சதுரம் சதுரமாக எண்ண வேண்டும்.

எண்ணும் வேலையை ஆஸ்திரேலியாவில் வைத்துக்கொள்ளாமல் ஏன் சுவாவுக்கு அனுப்பினார்கள்? அங்கே கூலி அதிகம். கரும்பு வெட்ட எதற்காக நம்மைத் தேடி வந்தார்களோ, தடம் எண்ணவும் அதற்காகத்தான் வந்தார்கள்.

உர்மிளாவுக்குத் துணையாக ஆய்வக உதவியாளர் சின்னப்பனை வெதர்லி சேர்த்துவிட்டார். நவுசோரிக்குப் பக்கத்தில் வுனிமோனோவில் வீடு. கொஞ்சம் நெல் வயலும் உண்டு. நாற்பத்தைந்து வயது, கூர்மையான கண். முதல் நாள் நுண்ணோக்கியில் பார்த்துவிட்டுத் தலையைத் தூக்கினார்.

"என்ன தங்கச்சி, சீரகத்தைக் கொட்டி வெச்சாப்பல இருக்கு."

"சீரகம்னே வெச்சிக்குங்க அண்ணே. ஒண்ணு விடாம எண்ணணும்."

"எண்ணி முடிச்சா ரசம் வெப்பாரா தொரை?"

பக்கவாட்டுத் தாள்களில் சதுரத்துக்குப் பதினெட்டு, இருபது தடம் நெருக்கியடித்துக் கிடக்கும். ஒன்றின்மேல் ஒன்று விழுந்திருக்கும். அது கஷ்டமான வேலை; உர்மிளாவுக்கு. நேர்த் திசைத் தாள்களில் ஐந்து, ஆறுதான் இருக்கும். அது சின்னப்பனுக்கு. தடத்துக்கு ஒருமுறை விரலால் அழுத்துகிற எண்ணிக்கைக் கருவி ஒன்று வந்திருந்தது. சுவாவின் ஈரக்காற்றில் அது இரண்டே மாதத்தில் துருப்பிடித்து நின்றுவிட்டது. அதன்பிறகு வாயால்தான் எண்ணினார்கள். இருவரும் பேசிக்கொண்டே எண்ணிவிடுவார்கள் என்று வெதர்லி அவர்களைத் தனித்தனி அறையில் உட்காரவைத்தார்.

1986 ஜூலையில் உர்மிளா ஆய்வக நோட்டில் ஆங்கிலத்தில் இப்படி எழுதினார்: "சில தாள்களை இருவரும் மாற்றி எண்ணிப் பார்க்க வேண்டும். என் கண்ணும் அவர் கண்ணும் ஒன்றுபோலப் பார்க்கின்றனவா என்று தெரிய வேண்டும்." பக்கத்திலேயே பென்சிலில் வெதர்லியின் பதில் இருக்கிறது: "தேவையில்லை. நேரமில்லை." கீழே அவருடைய சுருக்கொப்பம்.

அந்தப் பக்கத்தை நான் பார்த்திருக்கிறேன். வாசகர்கள் அதை நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.

1987 பிப்ரவரியில் கட்டுரையை இதழுக்கு அனுப்பினார் வெதர்லி. பக்கவாட்டில் பறக்கும் துண்டுகள் நேராகப் பறப்பவற்றைப்போல மூன்றரை மடங்குக்கும் மேல் என்பது முடிவு. அதுவரை யாருக்கும் அவ்வளவு வந்ததில்லை. "உன் பெயரும் இருக்கும், உர்மிளா," என்று கைகுலுக்கிச் சொன்னார்.

மே மாதம் ராணுவம் நாடாளுமன்றத்துக்குள் புகுந்தது. மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்து ஒரு மாதமே ஆன, இந்திய வம்சாவளியினர் நிறைந்த அரசாங்கத்தைத் துப்பாக்கி முனையில் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். இந்த மண்ணில் நூறு வருடம் வியர்வை சிந்தியவர்களின் பேரப்பிள்ளைகள் ஒரே காலைப்பொழுதில் விருந்தாளிகளாகிவிட்டார்கள். ஆயுதம் இருந்தவன் செய்தது அநியாயம். அதைக் கடவுள் விருப்பம் என்று மேடையேறிச் சொன்னவர்கள் செய்தது அதைவிடப் பெரிய அநியாயம். ஜூன் மாதம் வெதர்லி பெட்டி கட்டினார். ஆய்வக நோட்டுகள் இரண்டில் ஒன்றை எடுத்துக்கொண்டார், உர்மிளா எழுதிய மற்றதை விட்டுவிட்டார். பிளாஸ்டிக் தாள்கள் அறுபதையும் அலமாரியிலேயே விட்டுப் போனார். எண்கள் கையில் இருக்கும்போது தாள்கள் எதற்கு?

யோகேந்திராவைப் பதவி இறக்கினார்கள். அவர் பயிற்சி கொடுத்த பையன் அவருக்கு மேலதிகாரியாக வந்தான். சுவாவில் தூதரக வாசல்களில் வரிசை நின்றது. டாக்டர், ஆசிரியர், மெக்கானிக், தையல்காரர், எல்லாரும் நின்றார்கள். யோகேந்திராவும் உர்மிளாவும் பாவுக்குப் போகிற வழியில் நாண்டியில் இறங்கி, மார்டின்டாரில் ஒரு ரெஸ்டாரண்டின் மாடியில் ஆபீஸ் வைத்திருந்த குடியேற்ற ஏஜென்ட் மகேந்திராவைப் பார்த்தார்கள். அவருடைய குடும்பமும் பாவைச் சேர்ந்த தமிழ்க் குடும்பம்தான்.

"படிப்புக்கும் வேலைக்கும் பாயிண்ட்டு போட்டுப் பாக்குறான் அக்கா," என்றார் மகேந்திரா. "இவரு கிளார்க்கு. ஆஸ்திரேலியால கிளார்க்கு கொட்டிக் கெடக்கு. உங்களத்தான் முன்னால நிறுத்தணும்."

"நான் லேப்ல வேலை பாக்குறேன். பதிமூணு வருசம்."

"பாட்டில் கழுவுறவங்களும் லேப்லதான் இருக்காங்க. நீங்க வெறும் லேப் இல்ல, ஆராய்ச்சின்னு காட்டணும். புக்குல உங்க பேரு வந்திருக்கா?"

"வரப்போகுது."

"வந்துதுன்னா கொண்டாங்க. இல்லேன்னா அந்த வெள்ளைக்காரர்கிட்ட ஒரு லெட்டர். ரெண்டுல ஒண்ணு இல்லாம ஃபைலை அனுப்பினா, நேரா குப்பைக்குத்தான் போவும்."

ஆக, அந்தக் குடும்பம் நாட்டைவிட்டுப் போவதும் கிடப்பதும் அச்சில் ஒரு பெயர் வருவதைப் பொறுத்ததாகிவிட்டது.

செப்டம்பரில் இரண்டாவது தடவையும் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அக்டோபரில் இதழ் வந்தது. உர்மிளா ஆய்வக நூலகத்தில் நின்றபடியே புரட்டினார். கட்டுரையின் மேலே வெதர்லியின் பெயரும், ஆஸ்திரேலியாவில் இருந்த இருவரின் பெயரும் இருந்தன. கடைசியில் நன்றி சொல்லும் பத்தியில் நியூட்ரான் இயந்திரத்தை இயக்கியவர்களுக்கு நன்றி, தபால் செலவை ஏற்றுக்கொண்ட அறக்கட்டளைக்கு நன்றி. தபாலுக்குக்கூட நன்றி இருந்தது.

சின்னப்பன் எட்டிப் பார்த்தார். "எங்க இருக்கோம் தங்கச்சி நம்ம?"

"இல்ல அண்ணே."

"நல்லாப் பாரு. பொடி எழுத்துல இருக்கும்."

"பாத்துட்டேன். இல்ல."

அன்றே உர்மிளா இங்கிலாந்துக்குத் திரும்பிவிட்ட வெதர்லிக்கு எழுதினார். நவம்பர் கடைசியில் பதில் வந்தது. பெயரை விட்டது "இட நெருக்கடியால்" என்று வெதர்லி எழுதியிருந்தார். அடுத்த பத்தியில்தான் விஷயம். ஜெர்மனியில் ஒரு குழு இதே அளவையைச் செய்து பார்த்ததாம்; அவர்களுக்கு மூன்று மடங்குதான் வந்ததாம். சுவாவில் இருக்கும் தாள்களில் பத்தை மறுபடி எண்ணி, பழைய எண்கள் சரிதான் என்று உறுதி செய்து உடனே எழுத வேண்டும். "உறுதிக் கடிதம் கிடைத்ததும், உங்கள் குடியேற்ற விண்ணப்பத்துக்கான சான்றிதழை அனுப்பிவைக்கிறேன்."

எண்ணிப் பார்த்துச் சொல் என்று அவர் கேட்கவில்லை. எண்ணுவதற்கு முன்பே விடையைச் சொல்லிவிட்டார்.

எண்ணுவதற்கு நாளும் போதவில்லை. வாரநாள் முழுக்க ஆய்வகத்தில் வேறு வேலை. ஞாயிற்றுக்கிழமை கடவுளுக்கு உரிய நாள், அன்று யாரும் வேலை செய்யக்கூடாது, பஸ் ஓடக்கூடாது, கடை திறக்கக்கூடாது என்று ராணுவ அரசு ஆணை போட்டிருந்தது. ஆற்றங்கரையில் சோறு கட்டிக்கொண்டுபோய்ச் சாப்பிட்ட குடும்பங்களைக்கூட விரட்டினார்கள். ஒரு மதத்தின் ஓய்வுநாளை எல்லார் கழுத்திலும் கட்டுவதற்குத் துப்பாக்கி தேவைப்பட்டது என்பதே அந்த ஓய்வின் புனிதம் எவ்வளவு என்று காட்டும். மகேந்திராவோ கிறிஸ்துமஸுக்கு முன்னால் காகிதம் வேண்டும் என்று போன் மேல் போன். ஆய்வகத் தலைவரிடம் அனுமதி கேட்டார் உர்மிளா. "நீ எதை எடுத்துப் போகிறாய் என்று நான் பார்க்கவில்லை," என்று அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சனிக்கிழமை மத்தியானம் உர்மிளா நுண்ணோக்கியைக் கோதுமை மாவு மூட்டைப் பையில் வைத்துக் கட்டி, சின்னப்பனையும் அழைத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினார்.

வழியில் ராணுவச் சாவடி. இருபது வயதுகூட இருக்காத சிப்பாய் ஒருவன் டாக்சியை நிறுத்தினான். பையைத் திறந்து நுண்ணோக்கியைப் பார்த்தான். பிறகு தாள் உறையின்மேல் இருந்த எழுத்தைப் படித்தான். அவனுக்கு இந்தி நன்றாக வந்தது.

"தோரியம். இது பாம்ல போடுறதுதானே?"

"இதுல தோரியம் இல்ல தம்பி. பக்கத்துல இருந்திச்சு, அவ்வளவுதான். இது வெறும் பிளாஸ்டிக்."

"வெடிக்குமா?"

"வெடிச்சது ஒன்றரை வருசத்துக்கு முன்னாலேயே வெடிச்சிட்டுது. நான் தழும்பை எண்ணுறவ."

சிப்பாய் தாளை வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தான். ஒன்றும் தெரியவில்லை. "இதையா எண்ணுறீங்க?"

"ஆமாம்."

"இல்லாததையா?"

சின்னப்பன் முன்சீட்டிலிருந்து சொன்னார், "நீயும்தான் தம்பி, இல்லாத எதிரிக்கு இங்க வெயில்ல நிக்கிற."

சிப்பாய் அவரை உற்றுப் பார்த்தான். அப்புறம் சிரித்துவிட்டான். "போங்க, போங்க. வெயில் ஜாஸ்தி," என்றான். அவனும் ஏதோ ஓர் ஏழை வீட்டுப் பிள்ளைதான். அவனை அங்கே நிறுத்தியவர்கள் நிழலில் இருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, சமையலறை மேசையில் நுண்ணோக்கி. யோகேந்திரா ஜன்னலை எல்லாம் சாத்தினார், ஏதோ சாராயம் காய்ச்சுவதுபோல. சின்னப்பன் எண்ணிய நேர்த் திசைத் தாள்களை இந்தமுறை உர்மிளா எண்ணினார். முதல் தாளில் நோட்டில் இருந்தது 511. உர்மிளாவுக்கு 610 வந்தது. மறுபடி எண்ணினார். 611. இரண்டாவது தாள்: நோட்டில் 498, அவருக்கு 597. மூன்றாவது தாளிலும் அப்படியே நூறுக்குப் பக்கத்தில் வித்தியாசம்.

உர்மிளா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். கண் அயர்ந்து தவறினால் ஒரு தாளில் கூடும், ஒரு தாளில் குறையும். இது ஒரே பக்கமாகக் குறைகிறது. அதுவும் தாளுக்கு நூறு. நூறு சதுரம், நூறு தடம்.

"அண்ணே, இந்தச் சதுரத்தை எனக்கு முன்னால எண்ணுங்க. வாய்விட்டு எண்ணுங்க."

சின்னப்பன் குனிந்தார். மூன்று வருடமாக அடுத்த அறையில் அவர் எப்படி எண்ணினார் என்பதை உர்மிளா அன்றுதான் முதன்முதலாகக் கேட்டார்.

"லாபம். ஏக், தோ, தீன், சார், பாஞ்ச். அஞ்சு."

"மறுபடி எண்ணுங்க."

"லாபம். ஏக், தோ, தீன்..."

"லாபம்னு சொல்லும்போது எந்தத் தடத்தைப் பாக்குறீங்க?"

"மொதத் தடத்தைத்தான். மேல இடதுபக்கம் இருக்குதே, அது."

"ஏக்னு சொல்லும்போது?"

"அதுக்கு அடுத்தது."

உர்மிளா கீழே வைத்த பேனாவை மறுபடி எடுத்தார்.

நெல் அளக்கும்போது முதல் படியை 'ஒன்று' என்று சொல்லாமல் 'லாபம்' என்று சொல்வது நம் ஜனங்களின் வழக்கம். லாபம், ரெண்டு, மூணு என்று போகும். உர்மிளாவின் அம்மாவும் பாவில் அரிசியை அப்படித்தான் அளந்தார். அங்கே லாபம் என்பதே ஒன்று, கணக்குக் கெடாது. வுனிமோனோவில் சின்னப்பனின் வீட்டில் இரண்டு தலைமுறையில் தமிழ் எண்கள் போய் இந்தி எண்கள் வந்துவிட்டன. 'லாபம்' மட்டும் போகவில்லை. அது எண் என்பது மறந்துபோய், மங்கள வார்த்தையாக முன்னால் ஒட்டிக்கொண்டது. முதல் படிக்கு லாபம், இரண்டாவது படிக்கு ஏக். அவர்கள் வீட்டில் ஒவ்வொரு முறை அளக்கும்போதும் ஒரு படி கணக்கில் வராமலே போயிருக்கிறது. பெருக வேண்டும் என்று சொன்ன வார்த்தை வருடம் தவறாமல் குறைத்துக்கொண்டிருந்தது, யாரும் கவனிக்கவில்லை. இந்த மாதிரி வழக்கங்களுக்கு நான் பரிந்து பேசப்போவதில்லை. ஏன் சொல்கிறோம் என்று கேட்காமல் சொல்கிற வார்த்தை இப்படித்தான் செய்யும்.

ஆனால் இதைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு தாளை இருவர் எண்ணியிருந்தால் போதும். அதைத்தான் ஒன்றரை வருடத்துக்கு முன்னால் உர்மிளா கேட்டார். அதற்குத்தான் நேரமில்லை என்றார் வெதர்லி.

உர்மிளா ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டார். பக்கவாட்டுத் தாள்களில் சதுரத்துக்குப் பதினெட்டு. அதை அவரே எண்ணினார், சரியாக இருக்கிறது. நேர்த் திசையில் ஆறு இருக்க வேண்டியது ஐந்தாகப் பதிவாகியிருக்கிறது. பதினெட்டை ஐந்தால் வகுத்தால் மூன்றரைக்கு மேல். ஆறால் வகுத்தால் மூன்று. ஜெர்மனிக்காரர்கள் சொன்ன அதே மூன்று.

"அப்ப நான்தான் கெடுத்துட்டேன்," என்றார் சின்னப்பன். சட்டை நுனியைத் திருகிக்கொண்டிருந்தார். "தங்கச்சி, இதை எழுதினா என் வேலை போயிடும். இந்த நேரத்துல நம்ம ஆளு ஒருத்தனைத் தூக்கணும்னா காரணமே வேணாம். நீ காரணத்தையும் எழுதிக் குடுக்கப் போற."

யோகேந்திரா தமிழுக்கு மாறினார். "பழைய நம்பர் சரின்னு எழுதிடு. அவனுக்கு அதான் வேணும். நமக்குச் சர்ட்டிபிகேட் வரும், சின்னப்பண்ணனுக்கு வேலை இருக்கும். யாருக்கு நஷ்டம்?"

"நம்பர் தப்பு."

"தோரியம் வந்து உங்கிட்ட அழுதுச்சா?"

"நான் எண்ணுறவ. தப்புன்னு தெரிஞ்சும் சரின்னு எழுதினா, அப்புறம் நான் எண்ணின அம்பத்து நாலாயிரத்துக்கும் என்ன மரியாதை? சர்ட்டிபிகேட்ல என்னன்னு எழுதச் சொல்லுவேன், நல்லாப் பொய் எண்ணுவான்னா?"

யோகேந்திரா எழுந்து வெளியே போகப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை, போக இடமில்லை. திரும்பி வந்து உட்கார்ந்தார்.

உர்மிளா பத்துத் தாளையும் முழுக்க எண்ணி முடிக்க மேலும் இரண்டு ஞாயிறு ஆனது. பிறகு வெதர்லிக்குக் கடிதம் எழுதினார். சின்னப்பனின் பெயரை எழுதவில்லை. "எண்ணியவர்களான எங்களில் ஒருவரின் எண்ணும் முறையில் சதுரத்துக்கு ஒரு தடம் விடுபட்டிருக்கிறது" என்று எழுதினார். எப்படி விடுபட்டது, எந்தெந்தத் தாள், திருத்திய எண் என்ன என்று நான்கு பக்க அட்டவணை. கடைசியில், 1986 ஜூலையில் தான் கேட்டதையும் அதற்கு அவர் எழுதிய பதிலையும் தேதியோடு குறிப்பிட்டார்.

பதில் வரவில்லை. சான்றிதழும் வரவில்லை. கிறிஸ்துமஸ் போயிற்று. மகேந்திரா போன் செய்வதை நிறுத்திவிட்டார்.

1988 ஆகஸ்ட் இதழில் திருத்தம் வந்தது. உர்மிளாவின் அட்டவணை அப்படியே இருந்தது, ஒரு எண் மாறாமல். அதன் கீழே வெதர்லியின் பெயர். அதற்கும் கீழேதான் நான் முதலில் சொன்ன வரி. வெற்றி பெற்றபோது அந்த ஆய்வை மூன்று வெள்ளைக்காரர்கள் செய்தார்கள். தோற்றபோதுதான் சுவா என்று ஒரு ஊர் இருப்பதும், அங்கே எண்ணுநர்கள் இருப்பதும் அவர்களுக்கு ஞாபகம் வந்தது.

சின்னப்பன் அந்த வரியை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார்.

"பரவால்ல தங்கச்சி. கடைசில நம்ம ரெண்டு பேரும் புக்குல வந்துட்டோம்."

உர்மிளாவுக்குச் சிரிப்பு வரவில்லை. நோட்டின் பக்கத்தைப் பிரதியெடுத்து இணைத்து இதழாசிரியருக்கு எழுதினார். கட்டுரையாசிரியர்களிடமிருந்து வரும் கடிதங்களை மட்டுமே பரிசீலிப்போம் என்று இரண்டு வரிப் பதில் வந்தது. கட்டுரையாசிரியர் அல்லாதவர் கட்டுரையாசிரியர் ஆகாததைப் பற்றி எழுத முடியாது என்று அர்த்தம். இந்தக் கதவை யார் செய்தார்களோ, நல்ல தச்சர்கள்.

1989இல் பிரிஸ்பேனில் இருந்த யோகேந்திராவின் தம்பி குடும்ப வழியில் அவர்களை அழைத்துக்கொள்ள முன்வந்தார். இனி உர்மிளாவின் தகுதி யாருக்கும் தேவையில்லை. மார்டின்டாரில் மகேந்திரா படிவத்தை நிரப்பி நீட்டினார். மனைவியின் தொழில் என்ற கட்டத்தில் 'வீட்டு வேலை' என்று தட்டச்சு செய்திருந்தது.

"இது யாரு?" என்றார் உர்மிளா.

"எல்லா லேடீஸுக்கும் அதான் அக்கா போடுறது. கேள்வி கேக்க மாட்டான். சுருக்கா முடியும்."

உர்மிளா அவர் மேசையிலிருந்த பேனாவை எடுத்து அதை அடித்தார். மேலே எழுதினார்: 'அணுப்பிளவுத் துண்டுகளின் தடங்களை எண்ணுபவர்.'

"திருப்பி அனுப்பிடுவான்," என்றார் யோகேந்திரா.

"அனுப்பட்டும். மறுபடி எழுதுவேன்."

யோகேந்திரா படிவத்தைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். மகேந்திரா வேறு படிவம் எடுக்கப் போனபோது அவர் கையைப் பிடித்துத் தடுத்தார். "இருக்கட்டும்யா. அவ சொல்றதுதான் சரி. அவளைத்தான் யாரும் சரின்னு சொல்லல."

திருப்பித்தான் அனுப்பினார்கள். அந்தக் கட்டத்தைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம், பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. நான்கு மாதம் வீணாயிற்று. சொந்தக்காரர்கள் எல்லாரும் அதை மாற்றி எழுதச் சொன்னார்கள், பாவிலிருந்து அண்ணன் லாரியிலேயே வந்து சொன்னார். உர்மிளா அதே வாசகத்தை மறுபடி எழுதி, ஒரு பிளாஸ்டிக் தாளையும் உறையில் வைத்தார். அதில் ஒரு சதுரத்தை மட்டும் மையால் குறித்திருந்தார். கூடவே ஒரு துண்டுக் காகிதம்: "உங்கள் ஊரில் எந்தப் பள்ளிக்கூடத்திலும் நுண்ணோக்கி இருக்கும். இந்தச் சதுரத்தில் ஆறு தடங்கள் இருக்கின்றன. எண்ணிப் பாருங்கள். ஐந்து வந்தால், மறுபடி எண்ணுங்கள்."

1990இல் அனுமதி வந்தது. யாரும் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. அனுமதித் தாளில் அவர் பெயருக்கு எதிரே 'வீட்டு வேலை' என்றுதான் அச்சாகியிருந்தது.

மிச்சமுள்ள ஐம்பத்தொன்பது தாள்களும், பென்சில் பதில் இருக்கிற அந்த நோட்டும் வுனிமோனோவில் சின்னப்பன் வீட்டில் ஒரு பிஸ்கட் டின்னில் இருக்கின்றன. தடங்கள் அழியவில்லை, அந்தப் பிளாஸ்டிக்கில் அவை இன்னும் பல்லாண்டு இருக்கும். சின்னப்பன் நெல் அளக்கும்போது இப்போது லாபம் சொல்வதில்லை. கவனக்குறைவு யாருடையது என்று இன்னும் சந்தேகமிருப்பவர்கள் போய் டின்னைத் திறந்து எண்ணிக்கொள்ளலாம். ஒன்றிலிருந்து தொடங்கட்டும்.